ஒரு சுவர் போதும், தங்கச்சி

கேள்வி: நாங்கள் முக்கூடல் பக்கம். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூத்த மகள் பி.காம். முடித்துவிட்டாள். போன மாதம் கல்லூரியில் பட்டமளிப்பு நடந்தது. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் இவள்தான். ஆடி இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வீட்டிலேயே சின்னதாக விழா வைக்கலாம் என்றிருக்கிறோம். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், அவளுடைய தோழிகள் என்று 60 பேர் வருவார்கள். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, கடன் வாங்க மனசில்லை. தம்பி மொட்டை மாடியில் பந்தல் போட்டு மைக்செட் வைக்கலாம் என்கிறான். மகள் பலூன் ஆர்ச் கேட்கிறாள். மாமியாரோ, "சடங்குக்குக்கூட இப்படிச் செய்யலியே, ஆடியில போயி என்னத்துக்கு விசேஷம்?" என்கிறார். கருப்பு அங்கியையும் தொப்பியையும் கல்லூரியில் அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். போட்டோவும் சரியாக அமையவில்லை. வீடு பழைய வீடு, மேலே மட்டும் காங்கிரீட் போட்டிருக்கிறோம். வாசல் திருணை, அதைத் தாண்டினால் தார்சா என்கிற முன்கட்டு, அப்புறம் பட்டாசல் என்கிற கூடம், அடுப்படி, அவ்வளவுதான். எப்படிச் செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, பாளையங்கோட்டையில் 22 வருஷமாக வாடகைப் பாத்திரம், பந்தல், மேடை அலங்காரம் என்று பிழைப்பவள் நான். இந்தப் பதிலில் பாதி, என் பிழைப்பில் நானே மண்ணள்ளிப் போடுகிற மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை.

முதலில் தம்பியின் யோசனையைத் தள்ளிவிடுவோம். ஆடியில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் புகுந்து அடிக்கிற காற்று லேசில் ஓயாது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பதே அதை நம்பித்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பலூன் எம்மாத்திரம்? ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே ஆடியில் ஒரு வீட்டு மாடியில் சாமியானா கட்டினோம். நாலு கம்பத்துக்கும் மணல் மூட்டை வைத்துத்தான் கட்டினோம். நாலரை மணிக்கு ஒரு மூலை கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பி, மொத்தத் துணியும் அடுத்த வீட்டு முருங்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. பாயசத்துக்குள் மண். அந்த வீட்டுக்காரர் மீதிப் பணம் தரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. மைக்செட்டும் வேண்டாம். வருகிறவர்கள் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத்தான் வருகிறார்கள்.

மாமியாருக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாதுதான். ஆனால் இது தாலி கட்டுகிற காரியமோ பால் காய்ச்சுகிற காரியமோ இல்லையே. இன்னொன்றையும் அவர் காதில் போடுங்கள்: ஆடியில் கல்யாணம் இல்லாததால் எங்களைப் போன்ற கடைகளில் நாற்காலியும் பாத்திரமும் அடுக்கியபடியே கிடக்கும். தை, வைகாசி, ஆவணியில் பேரம் பேசினால் முகம் கொடுக்காத கடைக்காரர்கூட ஆடியில் இறங்கி வருவார். கூச்சப்படாமல் குறைத்துக் கேளுங்கள். பூவும் அப்படித்தான். ஆடி வெள்ளிக்கும் அமாவாசைக்கும் சங்கரன்கோவிலிலும் தோவாளையிலும் விலை எகிறும். வெறும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த எகிறல் இருக்காது. நீங்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமை அமாவாசையிலோ ஆடிப்பூரத்திலோ மாட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அலங்காரம். வீட்டில் விழா வைப்பவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பு என்னவென்றால், தார்சாவில் கொஞ்சம் காகிதத் தோரணம், பட்டாசலில் கொஞ்சம் பலூன், திருணையில் ஒரு சீரியல் செட், மாடிப்படியில் நாலு முழம் பூ என்று காசைத் தெளித்துவிடுவது. தெளித்த காசு கண்ணில் படாது. வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் எந்தச் சுவர் தெரிகிறதோ, அதற்கு முன்னால்தான் உங்கள் மகள் நிற்கப் போகிறாள், போட்டோவிலும் அதுதான் இருக்கப் போகிறது. அந்த ஒரு சுவருக்கு எல்லாவற்றையும் கொடுங்கள். மற்ற இடத்தில் ஒட்டடை அடித்து, கயிற்றில் கிடக்கிற துணியை எடுத்து, அரிசி மூட்டையை அடுப்படிக்குள் தள்ளினால் போதும். வாசலில் கோலமும் நிலையில் மாவிலைத் தோரணமும் எப்படியும் இருக்கும். வேப்பிலை மட்டும் கட்டாதீர்கள். தெருவில் போகிறவர்கள் எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா என்று விசாரிப்பார்கள்.

உங்கள் வீட்டு அமைப்புக்குப் பட்டாசலின் உள்சுவர் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். தார்சாவில் நுழையும்போதே அது தெரியும், காற்றும் அங்கே வராது. அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தால் வேறு சுவர் பாருங்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் கருப்பாகத்தான் விழும். கல்லூரியில் எடுத்த போட்டோ கெட்டுப்போனதற்கும் ஒருவேளை இதுதான் காரணமாக இருக்கும்.

பழைய வீட்டுச் சுவர் என்கிறீர்கள், சுண்ணாம்பு அடித்திருப்பீர்கள். டபுள் சைடு டேப்பை அந்தச் சுவர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ராத்திரியே கழன்று விழும், விழாவிட்டால் உரிக்கும்போது காரையோடு வரும். நான் செய்வது ஒன்றே ஒன்று: இரண்டு ஆணி, ஒரு கம்பு. ஏழடி உயரத்தில் எட்டடி இடைவெளி விட்டு இரண்டு ஆணி. பழைய சுவாமி பட ஆணி இருந்தால் அதுவே போதும். அதில் ஒரு மூங்கில் கம்பையோ தண்ணீர்க் குழாய் பைப்பையோ சணல் போட்டுத் தொங்கவிடுங்கள். பின்னால் வருகிற அத்தனையும் கம்பில்தான் தொங்கும், சுவரை எதுவும் தொடாது. விழா முடிந்ததும் கம்பை இறக்கினால் சுவர் பழையபடி இருக்கும்.

கம்பில் என்ன தொங்கவிடுவது? கடையில் பளபளவென்று சாட்டின் துணி வாடகைக்குத் தருவார்கள், நானும்தான் தருகிறேன். பிளாஷ் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்னி முகத்தைத் தின்றுவிடும். பாய்க்குப் பேர்போன பத்தமடை உங்கள் ஊரிலிருந்து எத்தனை தூரம்? கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்கிற பட்டுப் பாயைச் சொல்லவில்லை, அது விலை அதிகம். விரித்துப் படுக்கிற சாதாரணக் கோரைப் பாய், ஆறடிக்கு நாலடி, இரண்டு எடுங்கள். நெட்டுக்குத்தாக ஒட்டினாற்போல் தொங்கவிட்டால் எட்டடிச் சுவர் நிறைந்துவிடும். கோரையின் அந்த வைக்கோல் நிறத்துக்கு முன்னால் எந்த நிறச் சேலை கட்டி நின்றாலும் எடுப்பாகத் தெரியும். பாயில் ஆணி அடித்தால் கோரை பிரிந்துவிடும். மேல் விளிம்பைக் கம்பின்மேல் நாலு விரல் மடித்துப் போட்டு, துணிக்குக் குத்துகிற மரக் கிளிப்பை நெருக்கமாகக் குத்துங்கள். விழா முடிந்த பிறகு பிள்ளைகள் படுத்துக்கொள்ளலாம். அலங்காரத்தில் போட்ட காசு அடுத்த நாளும் உதவுவது இது ஒன்றில்தான்.

பாயின் இரண்டு ஓரத்திலும் கேந்திப்பூ (துலுக்கச் சாமந்தி) சரம், மேலிருந்து கீழ்வரை பக்கத்துக்கு மூன்று. கட்டிய மாலையாக வாங்காமல் உதிரிப்பூவாக இரண்டு கிலோ வாங்குங்கள். சாக்குத் தைக்கிற ஊசியில் நூல் கோத்து, காம்பு வழியாகக் குத்தி மேலே எடுத்தால் ஒரு பூ உட்காரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேர வேலை. மல்லிகை, பிச்சி எல்லாம் தலைக்கு வைக்கத்தான். சுவரில் தொங்கவிட்டால் அரை நாளில் சுருண்டு பழுப்பாகிவிடும். கேந்தி ராத்திரி வரை அப்படியே நிற்கும்.

நடுவில் எழுத்து. பெரிய வாசகம் எதுவும் வேண்டாம். மகள் பெயர், அதற்குக் கீழே பி.காம்., அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம் இருந்தால் திருணையிலிருந்தே வாசிக்கலாம். கருப்பு சார்ட்டில் வெட்டிச் சணலில் ஒட்டித் தொங்கவிடுங்கள். தெர்மாகோலில் வெட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பலூனுக்குச் செருகுகிற பிளாஸ்டிக் குச்சியும் அந்தத் தடையில் உண்டு.

பிளக்ஸ் அடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, தம்பி கேட்பார். எனக்குப் பிளக்ஸ் பிடிக்காது, அதற்கு ஒரு கதை உண்டு. முன்பு ஒரு வீட்டுக்கு ஒரு கடையில் அவசரமாகப் பிளக்ஸ் அடித்து வாங்கினோம். பத்தடி நீளம், பெண் படம், ரோஜாப்பூ, எல்லாம் பிரமாதம். கட்டி முடித்துப் பின்னால் வந்து பார்த்தால், 'எங்கள் குடும்பத்தின் முதல் பட்டாதாரி' என்று இருக்கிறது. ஒரு கால் கூடிப்போனதில் பட்டதாரி பட்டாதாரி ஆகிவிட்டாள். மணி அஞ்சு, திரும்ப அடிக்க நேரமில்லை. முதலில் வந்த தாத்தா ஒருவர் நிதானமாக வாசித்துவிட்டு, "நெலம் எங்கன வாங்கியிருக்கிய?" என்று கேட்டார். அன்றிலிருந்து வெட்டி ஒட்டுகிற எழுத்துதான் என் கட்சி. அதில் தப்பு வந்தால் ஒரு காலைப் பிடுங்கி எறிந்துவிடலாம்.

வெளிச்சத்தை எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். மேலே ஒரே டியூப் லைட் என்றால் கண்ணுக்கடியில் நிழல் விழும். சுவரைப் பார்த்தபடி, நிற்பவர்களுக்கு எதிரே, இரண்டு பக்கமும் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒவ்வொரு எல்.இ.டி. பல்பு வையுங்கள். ஹோல்டரை ஸ்டூல்மேல் நிற்கும் கம்பில் கட்டினாலும் சரி. முன்னால் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை, பல்பைத் தொடாமல், தொங்கவிட்டால் வெளிச்சம் உறுத்தாது. சீரியல் செட் ஆசைக்கு ஒன்று திருணையில் போடுங்கள், மினுக்காமல் நின்று எரிகிறதாக. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுக்கிற வேலையைத் தம்பி ஆரம்பித்தால் அடக்கி வையுங்கள்.

பலூன் ஆர்ச்சுக்கு வருவோம். பிள்ளை ஆசைப்படுகிறாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டாசல் நிலையின் ஒரு பக்கம் தொடங்கி மேலே பாதி வரை வளைந்து நிற்கிற மாதிரி ஆறடி போதும். இரண்டே நிறம். 60 பலூன், உடைவதற்கு இன்னொரு 15, ஒரு கைப் பம்பு. முந்தின நாள் ராத்திரி ஊதி வைக்காதீர்கள், அன்று மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊதுங்கள். முழுசாக ஊதினால் பேரிக்காய் மாதிரி கழுத்து நீளும், வெக்கையில் வெடிக்கும். உருண்டையாக இருக்கும்போதே நிறுத்துங்கள். இரண்டிரண்டாகக் கழுத்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, இரண்டு ஜோடியைக் குறுக்கே வைத்து ஒரு முறுக்கு முறுக்கினால் நாலிதழ்ப் பூ மாதிரி நிற்கும். அந்தப் பூக்களைத் தூண்டில் நரம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனால் ஆர்ச். வீட்டில் இருக்கிறதே என்று பீடி நூலை எடுக்காதீர்கள், பாரம் தாங்காமல் அறுந்துவிடும். பறக்கிற பலூன் வேண்டும் என்று யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். திருவிழாவில் அடைத்துத் தருவது பல நேரம் ஹைட்ரஜன், விளக்கு எரிகிற வீட்டுக்கு ஆகாது.

அங்கியை வாடகைக்குத் தேடி அலைய வேண்டாம், பட்டுச் சேலை கட்டட்டும். தொப்பி மட்டும் செய்துகொள்ளுங்கள். தடித்த அட்டையில் 24 செ.மீ. சதுரம் ஒன்று, தலையைச் சுற்றி அளந்து நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டை. இரண்டுக்கும் கருப்புச் சார்ட் ஒட்டி, பட்டையின் மேல் விளிம்பைப் பல் பல்லாக வெட்டி உள்ளே மடித்துச் சதுரத்தின் அடியில் ஒட்ட வேண்டும். அப்புறம் குஞ்சம். சடை பின்னுவதற்குக் குஞ்சலம் வைத்திருப்பீர்களே, அதில் ஒன்றை எடுத்துச் சதுரத்தின் நடுவில் ஒரு பட்டனோடு தைத்துத் தொங்கவிடுங்கள். கடைத் தொப்பியின் குஞ்சத்தைவிட அது அழகு. இரண்டு தொப்பி செய்யுங்கள். ஒன்று கை மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் மாமியார் தலையிலும் ஏறும் பாருங்கள். அவரைக் கொண்டுதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், அவர் கையால்தான் பேத்தி பட்டத்தை வாங்க வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆடி, ஆவணி என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

பட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அசல் சான்றிதழைப் பீரோவைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். கலர் ஜெராக்ஸ் எடுத்துப் பிரேம் போட்டு அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கை, சந்தனக் கை எல்லாம் படும். லேமினேஷனும் செய்துவிடாதீர்கள், பின்னால் சரிபார்ப்புக்குக் கொண்டுபோகும் இடங்களில் தகராறு வரும்.

தார்சாவில் ஒரு மேஜை போடுங்கள், செலவில்லாத அலங்காரம் அதில்தான். அவளுடைய போட்டோக்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒன்று, சணலில் கிளிப் போட்டு மேஜைக்கு மேலே தொங்கட்டும். மேஜையில் பழைய பஸ் பாஸ், ஹால் டிக்கெட், கல்லூரி அடையாள அட்டை, முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதன் நகல். கூட்டம் சுவருக்கு முன்னால் நிற்பதைவிட இங்கேதான் அதிக நேரம் நிற்கும். பஸ் பாஸ் போட்டோவில் இருக்கிற முகத்தைப் பார்த்துத் தோழிகள் சிரிக்கிற சிரிப்புக்கு எந்த பலூனும் ஈடாகாது. உங்கள் பீடித் தட்டையும் இலையும் நூலுமாக அப்படியே அந்த மேஜையில் வைக்கலாமா என்று எனக்கு ஒரு எண்ணம். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மகளிடம் கேளுங்கள், அவள் சொல்வதுபோல் செய்யுங்கள்.

சாப்பாட்டுக்குச் சொதி வைக்க மனசு இழுக்கும். 60 பேருக்குத் தேங்காய்ப் பால் பிழிய ஆரம்பித்தால் தேங்காய்க்கே பாதிப் பணம் போய்விடும். கூட்டாஞ்சோறு போடுங்கள். 6 கிலோ அரிசி, 2 கிலோ துவரம் பருப்பு, அரிசி எடைக்குக் காய்: கத்தரி, வாழைக்காய், சீனியவரை, முருங்கைக்காய். ஒரே அண்டா, ஒரே கரண்டி, தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ் வடகமும். இறக்கினபின் அரை மணி நேரம் மூடிக் கிடந்தால்தான் ருசி ஏறும் என்பதால் ஆறு மணிக்கே சமையல் வேலை முடிந்துவிடும், நீங்களும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கலாம். வாழையிலையை நறுக்கிக் கையில் தாங்குகிற பாக்குமட்டைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். பந்தி போட இடமில்லாத வீட்டுக்கு அதுதான் சௌகரியம். பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் தட்டும் கப்பும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை. இன்னும் சில கடையில் மறைத்து விற்கிறார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுங்கள்.

இனிப்புக்கு அல்வா 3 கிலோ. ஆளுக்கு 50 கிராம் என்றால் 60 பேருக்குச் சரியாக வரும். பட்டம் வாங்கின பிள்ளை எல்லாருக்கும் அல்வா கொடுக்கிறாள் என்று ஒரு சித்தப்பா நிச்சயம் சொல்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். கேக் வேண்டும் என்றால் அரைக் கிலோ, வெட்டுவதற்கு மட்டும்.

கணக்கை இப்படிப் பிரிப்பேன்: சாப்பாட்டுக்கு 8,500, அலங்காரத்துக்கு 2,500, நாற்காலி, டம்ளர், அண்டா வாடகைக்கும் கொண்டுவந்து இறக்கிற கூலிக்கும் 2,000, போட்டோ பிரிண்டுக்கும் ஜெராக்ஸுக்கும் 500. மிச்சம் 1,500-ஐத் தொடாமல் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கேஸ் தீர்ந்துபோகும், இல்லாவிட்டால் வேறு ஏதாவது தீரும். 60 பேருக்கு 60 நாற்காலி எடுக்காதீர்கள். அஞ்சரையிலிருந்து எட்டரை வரை வந்து போகிற கூட்டம், 35 போதும். திருணையில் ஜமுக்காளம் விரித்தால் பெரியவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். வரவு செலவு நோட்டை மகள் கையில் கொடுத்துவிடுங்கள், பி.காம். படித்த பிள்ளை.

நோட்டு என்றதும், செய்முறை, அதாவது மொய் விஷயம். இதை இப்போதே முடிவு செய்யுங்கள். கூப்பிடும்போதே "செய்முறை எதுவும் கிடையாது, பிள்ளையை வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், உங்களுக்குத் திருப்ப வேண்டியவர்கள் இதுதான் சாக்கு என்று கவரோடு வருவார்கள், கையில் இல்லாதவர்கள் வரவே மாட்டார்கள். அப்படியும் யாராவது மகள் கையில் நூறோ இருநூறோ திணித்தால் வாங்கிக்கொள்ளட்டும், நோட்டில் ஏற வேண்டாம். செலவை மொய்யில் எடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு நடந்தால், எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாக்கியை இன்னும் பத்து வருஷம் திருப்பிக்கொண்டே இருக்கப் போவது நீங்கள்தான்.

வேலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆணி, கம்பு, பாய், எழுத்து, பல்பு எல்லாம் சனிக்கிழமை ராத்திரிக்குள் முடிந்துவிட வேண்டும். பல்பைப் போட்டு, சுவருக்கு முன்னால் யாரையாவது நிறுத்திப் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், எது கோணல் என்று அதில் தெரிந்துவிடும். ஞாயிறு காலையில் பூ, மதியம் பலூன். நாலரைக்கு மேல் யாரும் ஸ்டூலில் ஏறக் கூடாது.

சனிக்கிழமை எடுக்கிற அந்தப் படத்தில் எழுத்து தெரிகிற மாதிரி எனக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். ஒரு கால் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு வாடகை கிடையாது.